வலிமை அறிவோம், வாய்மை காப்போம்

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

நாம் வாழும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி இயந்திரங்களுக்குப் பெயர் பெற்றது. சிப்காட் வளாகங்களில் லாரியும் கைக்கடிகாரமும் உருவாகின்றன. இருவர் ஏறிச் செல்லக்கூடிய டி.வி.எஸ். 50 மொபெட் 1980-இல் ஓசூரிலிருந்துதான் வெளிவந்தது. நம்மில் பலருடைய தந்தையரும் அண்ணன்மாரும் இத்தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். ஆனால் ஓர் இயந்திர உறுப்பு இவ்வளவு பருமனாக இருந்தால் போதும் என்று முடிவு செய்வது யார்? எப்படி முடிவு செய்கிறார்? அதைச் சொல்வதே இயந்திர வடிவமைப்பு என்னும் கல்வி.

மெல்லிய மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று திருவள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் உவமை கூறுகிறார். அவர் அரசனுக்குச் சொன்ன அறிவுரை பொறியாளருக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஐந்து வகை விசைகள்

ஒரு பொருளின் மீது விசை ஐந்து வகையில் செயல்படலாம். கிணற்றுக் கயிற்றை வாளி இழுப்பது இழுவிசை. வீட்டின் பாரம் தூணை அழுத்துவது அமுக்குவிசை. கத்தரிக்கோல் துணியை வெட்டுவது போன்றது வெட்டுவிசை. ஈரத் துணியைப் பிழிவது போன்றது முறுக்குவிசை. இரு முனைகளில் தாங்கிய பலகையின் நடுவில் ஒருவர் நின்றால் ஏற்படுவது வளைவு.

இவற்றுள் வளைவு சற்று வியப்பானது. பலகை வளையும்போது அதன் மேற்புறம் அமுங்குகிறது, கீழ்ப்புறம் இழுபடுகிறது. இதை அறிந்தால் நம் மாவட்டத்துக் கருங்கல்லைப் பற்றிய ஓர் உண்மை விளங்கும். கருங்கல் மிகப் பெரிய அமுக்குவிசையையும் தாங்கும். ஆனால் இழுவிசையில் அதன் வலிமை மிகக் குறைவு; அமுக்கு வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். ஆகவே நீண்ட கல் உத்தரத்தின் கீழ்ப்புறம் எளிதில் வெடித்துவிடும். பழைய கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். நம் முன்னோர் பொருளின் குணம் அறிந்தே கட்டினார்கள்.

தகைவும் பாதுகாப்பு அளவும்

ஒரு பொருளின் மீதுள்ள விசையை அதன் குறுக்குப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. விசை செயல்படும்போது பொருளின் நீளம் மாறுகிறது. அந்த மாற்றத்தைத் தொடக்க நீளத்தால் வகுத்தால் கிடைப்பது திரிபு. ஒரு வரம்புக்குள் தகைவும் திரிபும் ஒரே விகிதத்தில் கூடும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். அந்த வரம்பைத் தாண்டினால் பொருள் பழைய நிலைக்குத் திரும்பாது.

சாதாரணக் கட்டுமான எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 25 கிலோ எடை வரை தாங்கும். அப்படியானால் 10 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் கனமும் உள்ள கம்பியின் பரப்பு 100 சதுர மில்லிமீட்டர். அது 2,500 கிலோவைத் தாங்க வேண்டும். ஆயினும் பொறியாளர் அதில் 2,500 கிலோவைத் தொங்கவிட மாட்டார். எஃகில் கண்ணுக்குத் தெரியாத குறை இருக்கலாம், பாரம் திடீரென்று விழலாம், நாளடைவில் துரு ஏறலாம். எனவே ஐந்து மடங்கு பாதுகாப்பு வேண்டுமென்று கருதினால் 500 கிலோவுக்கு மேல் அனுமதிக்க மாட்டார். இந்த ஐந்து என்னும் எண்ணே பாதுகாப்புக் காரணி. ஆட்களை ஏற்றிச் செல்லும் லிஃப்டின் கயிறுகளுக்கு இது ஏறத்தாழ பத்தும் அதற்கு மேலும் இருக்கும். விமானத்தில் எடை கூடக் கூடாது என்பதால் ஒன்றரை அளவே வைக்கிறார்கள். அதனால்தான் விமானத்தை அவ்வளவு கண்டிப்பாக அடிக்கடி சோதிக்கிறார்கள்.

கிருஷ்ணகிரி அணை தந்த பாடம்

இந்தப் பாடத்தை நம் மாவட்டமே ஒருமுறை நேரில் கண்டது. தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1950-களில் கட்டப்பட்ட கிருஷ்ணகிரி அணையில் எட்டு ஷட்டர்கள் உள்ளன. 2017 நவம்பர் 29 அன்று, அணையில் நீர் நிறைந்திருந்த வேளையில், முதலாவது ஷட்டர் உடைந்தது. 52 அடி ஆழம் தேக்க வேண்டிய அணையிலிருந்து, பாசனத்துக்காகச் சேமித்த நீர் ஆற்றில் பாய்ந்தோடியது. ஆற்றங்கரையில் வாழும் மக்கள் எச்சரிக்கப்பட்டனர். பின்னர் பழைய ஷட்டர்களை நீக்கிப் புதியவை பொருத்தும் பணி நடந்தது.

அத்தகைய ஷட்டர் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 12 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் உள்ள ஓர் இரும்புக் கதவை எடுத்துக்கொள்வோம். நீரின் அழுத்தம் மேல் விளிம்பில் சுழி. 6 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு 6 டன். சராசரி 3 டன். கதவின் பரப்பு 72 சதுர மீட்டர். ஆகவே மொத்த விசை 216 டன். நான்கு டன் எடையுள்ள 54 யானைகள் சேர்ந்து இரவும் பகலும் சாய்ந்து நிற்பதற்கு இது சமம்!

இனித் துருவின் வேலையைக் காண்போம். 10 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டில் இரு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் துருப்பிடித்தால் மிஞ்சுவது 8. ‘ஐந்தில் ஒரு பங்குதானே போயிற்று?’ என்று தோன்றும். இழுவிசையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் வளைவைத் தாங்கும் வலிமை கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்தின் வர்க்கம் 100, எட்டின் வர்க்கம் 64. அதாவது வலிமையில் 36 விழுக்காடு போய்விட்டது! வண்ணம் பூசிவிட்டால் கண்ணுக்கு இது தெரியாது. தகட்டின் கனத்தை அளந்து பார்ப்பவருக்கே தெரியும்.

ஷட்டரைத் தூக்கும் சங்கிலிகளுக்கும் இதே நிலைதான். பரம்பிக்குளம் அணையில் 2022 செப்டம்பரிலும், கர்நாடகத்தின் துங்கபத்திரை அணையில் 2024 ஆகஸ்டிலும் சங்கிலி அறுந்து நீர் வீணாயிற்று. நூறு கண்ணிகளுள் தொண்ணூற்றொன்பது நன்றாயிருந்தும் பயனில்லை. ஒன்று தேய்ந்தாலே போதும்.

பொறியாளரின் அறம்

கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதுமா? கனடா நாட்டில் செயிண்ட் லாரன்ஸ் ஆற்றின் மீது கட்டப்பட்டு வந்த கியூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று விழுந்து 75 தொழிலாளர்கள் மாண்டனர். பாலத்தின் நீளத்தைக் கூட்டியவர்கள் அதன் எடையைத் திரும்பக் கணக்கிடவில்லை. விழுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே எஃகு உறுப்புகள் வளைந்திருப்பதைக் கண்டார்கள். இருந்தும் வேலை நிறுத்தப்படவில்லை. 1925 முதல் அந்நாட்டுப் பொறியாளர்கள் தங்கள் பொறுப்பை மறவாதிருக்க, சுண்டு விரலில் ஓர் இரும்பு மோதிரம் அணிகின்றனர்.

நம் நாட்டிலும் 1920-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பொறியாளர் கழகம் தன் உறுப்பினர்களுக்கு நெறிமுறைகள் வகுத்துள்ளது. அறம் சார்ந்த கடமைகளை நான் இவ்வாறு புரிந்துகொள்கிறேன்:

1. அளந்து பார்க்காததை அளந்ததாக எழுதிக் கையொப்பமிடலாகாது.
2. செலவைக் குறைக்க வேண்டி, சொன்ன கனத்துக்குக் குறைந்த தகட்டைப் பொருத்தலாகாது.
3. தனக்குத் தெரியாத வேலையைத் தெரிந்ததாகச் சொல்லி ஏற்கலாகாது.
4. ஆபத்தைக் கண்டால், மேலதிகாரிக்குப் பிடிக்காவிட்டாலும் உடனே சொல்ல வேண்டும்.

பாலத்தில் நடப்பவரும் பேருந்தில் ஏறுபவரும் எந்தக் கணக்கையும் சரிபார்ப்பதில்லை. முகம் தெரியாத ஒருவரின் நேர்மையை நம்பியே கால் வைக்கிறார்கள். அந்த நம்பிக்கையை எந்தச் சோதனைக் கூடத்திலும் அளக்க முடியாது. அது ஒருமுறை முறிந்தால் ஒட்டவைப்பதும் கடினம்.

முடிவுரை

தோழியரே, இது ஆண்களுக்கான படிப்பு என்று யாரேனும் சொன்னால் அஞ்ச வேண்டாம். 1940-களிலேயே கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பயின்ற லலிதா என்னும் அம்மையார், பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்பாதை வடிவமைப்பில் பணியாற்றினார். கல்லூரியில் பயின்றபோது அவர் சிறு குழந்தையுடைய இளம் கைம்பெண்! ஓசூரின் தொழிற்சாலைகளில் இன்று பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். நாளை வரைபடங்களில் கையொப்பமிடும் இடத்திலும் நாம் இருக்கலாம்.

அதற்கு இன்றே பழகுவோம். ஆய்வுக்கூடத்தில் அளவுகோல் காட்டியது புத்தகத்திலுள்ள விடையோடு ஒத்துப்போகாவிட்டாலும், கண்டதைக் கண்டபடியே குறிப்பேட்டில் எழுதுவோம். பொருளின் வலிமையை அறிவால் அறிவோம்; நம் வாய்மையை உறுதியால் காப்போம்!