புகையை விட்டவர் வீட்டுக்குச் சில குறிப்புகள்

பீடியை நிறுத்திய இரண்டாவது வாரம் என் வீட்டுக்காரருக்கு இருமல் கூடிவிட்டது. "விட்டதுதான் ஒத்துக்கல" என்று மறுபடி தீப்பெட்டியைத் தேடினார். என்னென்ன வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

1. முதல் 3 நாள்தான் கடுமை. நிகோட்டின் கிடைக்காமல் உடம்பு தவிக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, சிடுசிடுப்பு எல்லாம் வரும். பெரும்பாலும் 3, 4 வாரத்தில் அடங்கிவிடும். அதுவரை வீட்டில் கடன், வாடகைப் பேச்சை எடுக்காதீர்கள்.

2. இருமலும் சளியும் கூடலாம். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளைப் புகை முடக்கிப் போட்டிருந்தது. இப்போது அவை மறுபடி வேலை செய்கின்றன. அடிக்கடி வெந்நீர் கொடுங்கள்.

3. டீ, காபியைப் பாதியாகக் குறையுங்கள். பலருக்குத் தெரியாத விஷயம் இது. புகையிலுள்ள தார், காஃபீனைச் சீக்கிரம் சிதைக்கும்படி கல்லீரலைத் தூண்டிவிடும். புகை நின்றதும் அந்த வேகம் குறைகிறது. குடிப்பது அதே 5 டீதான், ரத்தத்தில் காஃபீன் இரட்டிப்பாகத் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் இதனாலும் வரும். ராத்திரி 2 மணிக்கு ஃபேனைப் பார்த்தபடி படுத்திருந்த மனுஷர், சாயங்கால டீயை நிறுத்தி நாலாம் நாள்தான் விடியும்வரை தூங்கினார்.

4. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநலத்துக்கு க்ளோசபின், ஒலான்சபின் சாப்பிடுபவர்கள், இன்சுலின் போடுபவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டீயைப் போலவே அந்த மருந்துகளின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம்.

5. மலச்சிக்கல் வரலாம். "ஒரு பீடி இழுத்தாத்தான் வெளிக்கு வரும்" என்பார்களே, அது உண்மைதான். நிகோட்டின் குடலை முடுக்கும். கொய்யா, கீரை, நிறையத் தண்ணீர்.

6. சிலருக்கு வாய்ப்புண்ணும் வரும். அப்போது காரத்தைக் குறைத்து, மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொடுங்கள். 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

7. நாக்கில் ருசி திரும்பும், பசியும் கூடும். ஓராண்டில் 4, 5 கிலோ ஏறுவது சகஜம். மிக்சருக்குப் பதில் பொரி, வெள்ளரிக்காய் வையுங்கள்.

8. சாப்பிட்டு எழுந்ததும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். அந்தப் பையில் நாலு ஏலக்காய் போட்டு வையுங்கள். ஒன்றை மென்று முடிப்பதற்குள் ஆசை தணியத் தொடங்கும்.

9. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், சளியில் ரத்தம் வந்தால் 'விட்டதால் வருகிறது' என்று இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி விடுவதற்கு ஆலோசனை வேண்டுமென்றால் 1800-11-2356, கட்டணமில்லை. சிகரெட் பாக்கெட்டின் மேலேயே அந்த எண் அச்சிட்டிருக்கும்.