மாதவிடாய்க் கணக்கு: எட்டாம் வகுப்பில் ஒரு பாடவேளை

தூத்துக்குடியை அடுத்த கடற்கரைக் கிராமப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். மீன்பிடியையும் உப்பளத்தையும் நம்பிய குடும்பங்களின் பிள்ளைகள் என் மாணவியர். 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளியில் படித்த மாணவியர் உயர்கல்வி பயில மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நாளை கல்லூரி விடுதியில் தங்கப்போகும் பெண், தன் உடலைப் பற்றிய அறிவை நம் வகுப்பிலேயே பெற வேண்டும். வளரிளம் பருவம் குறித்த பாடத்தை நான் நடத்தும் முறை இது.

கேள்விப் பெட்டி

முதல் நாள் பெயர் எழுதாமல் கேள்விகளைப் பெட்டியில் போடச் சொல்வேன். ஒரு முறை வந்த கேள்வி: "உப்பளத்தில் கழிப்பறை இல்லாததால் அம்மா தண்ணீரே குடிப்பதில்லை. அது கெடுதலா?" தண்ணீர் குறைவதும் சிறுநீரை அடக்குவதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கும் என்று விளக்கினேன். அன்று பாடம் வீடு வரை சென்றது.

நாள்காட்டிப் பயிற்சி

ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை எண்ணுவதே சுழற்சி. எல்லோருக்கும் 28 நாள் இல்லை. வளரிளம் பருவத்தில் 21 முதல் 45 நாள் வரை இயல்பே. கற்பனைத் தேதிகளைக் கொண்டு கணக்கிடச் சொல்கிறேன். யாரும் தன் தேதியைச் சொல்ல வேண்டியதில்லை.

நாப்கின் கணக்கு

2011இல் அறிவிக்கப்பட்ட புது யுகம் திட்டப்படி இரண்டு மாதங்களுக்கு 3 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 6 நாப்கின், மொத்தம் 18. நாளுக்கு 3 வீதம் 5 நாள் என்றால் இரண்டு சுழற்சிக்கு 30 தேவை. பற்றாக்குறை 12. இதனால் ஒரே நாப்கினை நாள் முழுதும் வைத்திருக்கக் கூடாது. 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். துணி பயன்படுத்துவோர் சோப்பால் துவைத்து, மறைவில் அல்ல, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும்.

மாத்திரையும் உணவும்

தமிழ்நாட்டில் 15–19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளதாகத் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு (2019–21) காட்டுகிறது. வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை உணவுக்குப் பின் விழுங்கச் செய்கிறேன். மலம் கறுத்தால் அஞ்ச வேண்டாம். உடனே தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும்; நெல்லிக்காயும் எலுமிச்சையும் அதைக் கூட்டும். நம் கரையின் சாளை மீனும் நல்ல துணை.

எப்போது மருத்துவர்?

ஏழு நாளுக்கு மேல் உதிரப்போக்கு, ஒன்றிரண்டு மணிக்கொரு முறை நாப்கின் நனைதல், பள்ளிக்கு வர முடியாத வலி, 15 வயதாகியும் பூப்பெய்தாமை ஆகியவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் செல்லச் சொல்லுங்கள். ஆலோசனைக்கு 104 எண்ணைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.

பாடம் முடிந்தபின்னும் கேள்விப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள். ஆண்டு முழுதும் அது வகுப்பில் இருக்கட்டும்.