இரவல் ஆடையும் எளிய நிக்காஹும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய அருள் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

ஷவ்வால் பிறை பிறந்ததும் நம் வீடுகளில் நிக்காஹ் பேச்சுத் தொடங்கிவிடுகிறது. பேச்சு முடிந்த மறுநாளே சாமான் பட்டியல் எழுத உட்காருகிறார்கள். புதுப் பட்டு, புது நகை, புதுக் கட்டில், புது பீரோ, புதுப் பாத்திரம் என்று அப்பட்டியலில் 'புது' என்ற சொல் இல்லாத வரியே இராது. பெண்ணின் தாயார் தம் நிக்காஹில் உடுத்திய பட்டையே பெண்ணுக்கும் உடுத்தலாமே என்றாலும், ஒருமுறை உபயோகித்த கட்டிலைச் செப்பனிட்டு வாங்கலாமே என்றாலும், "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற கேள்வியே முதலில் எழுகிறது. "மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று கேட்பவர் அரிது. அதனைச் சிறிது ஆராய்வோம்.

மதீனாவில் ஓர் ஆடை

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஐந்து திர்ஹம் பெறுமானமுள்ள கித்ரு என்னும் வகைப் பருத்தி ஆடை ஒன்று இருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் வாழ்ந்த காலத்தில் அப்படிப்பட்ட ஆடை தம்மிடம் ஒன்று இருந்ததென்றும், மதீனாவில் எந்தப் பெண்ணை மணக்கோலம் செய்வித்தாலும் அதைத் தம்மிடம் ஆளனுப்பி இரவல் வாங்கிச் செல்வார்கள் என்றும் அன்னையவர்கள் பிற்காலத்தில் கூறினார்கள். கூறும்போது தம் பணிப்பெண்ணைச் சுட்டிக்காட்டி, இவள் இதை வீட்டுக்குள் உடுத்தவும் மறுக்கிறாளே என்றும் சொன்னார்கள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் இச்செய்தியை, மணப்பெண்ணுக்காக இரவல் வாங்குதல் என்ற தலைப்பிட்டே பதிவு செய்திருக்கிறார்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் அடங்கியுள்ளன. முதலாவது, உம்மத்தின் சிறந்த தலைமுறைப் பெண்கள் ஒரே ஆடையை மாறி மாறி உடுத்தி மணப்பெண்களானார்கள். எவரும் அதை இழிவாகக் கருதவில்லை. இரண்டாவது, செல்வம் பெருகிய பின் அதே ஆடை பணிப்பெண்ணுக்கும் பிடிக்காமல் போயிற்று. ஆடை மாறவில்லை, பார்க்கும் கண்கள் மாறிவிட்டன. இன்று நம் வீடுகளில் நடப்பதும் இதுவேயன்றோ!

நாயகத்தின் இல்லத்துத் திருமணங்கள்

பத்ருப் போருக்குப் பின் அலீ (ரலி) அவர்கள் அன்னை பாத்திமா (ரலி) அவர்களை மணம் செய்ய வந்தபோது, மஹராகக் கொடுக்கத் தம்மிடம் ஒன்றுமில்லை என்றார்கள். அவர்களிடமிருந்த போர்க் கவசம் எங்கே என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்து, அதனையே மஹராக்கினார்கள். அணிந்து பழகிய ஒரு கவசம் சுவனத்துப் பெண்களின் தலைவிக்கு மஹராயிற்று. மகளாருடன் அனுப்பிய சாமான்களும் கம்பளித் துணி ஒன்று, தண்ணீர்த் தோல்பை ஒன்று, புல் அடைத்த தோல் தலையணை ஒன்று. சில அறிவிப்புகளில் திரிகைக் கற்களும் மண்சாடிகளும் சேர்கின்றன. அனைத்தும் எளிய பொருட்களே.

ஹிஜ்ரி 7-இல் கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸபிய்யா (ரலி) அவர்களுடன் நாயகத்தின் திருமணம் நிகழ்ந்தது. வலீமாவுக்கு ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்புகளை விரித்துவைத்தார்கள். அவரவர் கையிலிருந்த பேரீத்தம் பழம், பாலாடைக் கட்டி, நெய் ஆகியவற்றைக் கொண்டுவந்து கொட்டினார்கள்; அவற்றைப் பிசைந்து அனைவரும் உண்டார்கள். அதுவே அண்ணலாரின் வலீமா. அன்னை ஜைனப் (ரலி) அவர்களின் வலீமாவில் ஓர் ஆடு அறுக்கப்பட்டது. மற்ற மனைவியர் எவருக்கும் அதைவிடப் பெரிய வலீமா அளிக்கப்படவில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆகவே வசதியுள்ளபோது ஆடு அறுப்பதும் சுன்னத். இல்லாதபோது உள்ளதைக் கூட்டிக் கொடுப்பதும் சுன்னத். இல்லாததற்காகக் கடன்படுவது மட்டுமே சுன்னத்தில் காணப்படாதது.

நம் பகுதியின் நிலை

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள பகுதி முன்பு ஏரிப்பாசன வயல்கள் நிறைந்திருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட்-நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. தென் மாவட்டங்களிலிருந்தும் வட ஆற்காட்டுப் பக்கமிருந்தும் நம் மக்கள் பலர் வேலை தேடி வந்து வாடகை வீடுகளில் குடியேறினார்கள். மாதச் சம்பளம் வருகிறது என்ற தைரியத்தில் நிக்காஹுக்குக் கடன் வாங்கும் வழக்கமும் கூடவே வந்தது.

மாதச் சம்பளத்தின் உறுதி எவ்வளவு? ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் எட்டே ஆண்டுகளில் வேலையிழந்தார்கள். வேலை நின்றாலும் வட்டி நிற்பதில்லை. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக்கு 3 லட்சம் வாங்கியவர், மாதம் 6,000 ரூபாயும் ஆண்டுக்கு 72,000 ரூபாயும் வட்டியாகவே கட்டவேண்டும். அசல் அப்படியே நிற்கும். வட்டியை விடாதவர்கள் மீது அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவித்திருப்பதாகத் திருமறை எச்சரிப்பதை நாம் அறிவோம். ஒரு நாள் உடுத்தும் பட்டுக்காகவும் ஒரு வேளை பந்திக்காகவும் அந்தப் போருக்கா நம் பிள்ளைகளை அனுப்புவது?

பிற்பகல் ஷிப்டு முடிந்து நள்ளிரவில் கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கும் ஒரு பெண், தன் திருமணக் கடனுக்காகத் தானே உழைக்கிறாள் என்பது மஹரின் கருத்தையே தலைகீழாக்குவதாகும். திருமறை பெண்ணுக்கு மஹரை மனமுவந்து கொடுக்கச் சொல்லிற்று; பெண்ணிடமிருந்து கைக்கூலி வாங்கச் சொல்லவில்லை. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டமும் வரதட்சணையைக் குற்றமாக்கி, மஹரை அதிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது.

இரவலின் சட்டங்கள்

இரவல் கொடுப்பது நன்மையான காரியம். அற்பப் பொருட்களையும் பிறருக்குக் கொடாமல் தடுப்பவர்களைத் திருமறையின் 107-ஆவது அத்தியாயம் கண்டிக்கிறது. சட்டி, வாளி போன்றவற்றை இரவல் கொடுப்பதே அங்கே கருதப்படுவது என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் விளக்கம் தந்துள்ளார்கள். ஆயினும் இரவலுக்கு ஒழுங்குகள் உண்டு.

1. கொடுப்பவரின் மனப்பொருத்தம் வேண்டும். மருமகளின் நகையைக் கேளாமல் எடுத்து மகளுக்குப் பூட்டுவது இரவலன்று, அநீதி. நகை அவளுடைய சொத்து. கணவனுக்கும் அதை இரவல் கொடுக்கும் உரிமை இல்லை. வெட்கத்தினாலோ அச்சத்தினாலோ தலையசைப்பது சம்மதமாகாது.

2. தொலைந்தாலோ சேதமானாலோ யார் பொறுப்பு? ஹனபீ மத்ஹபில் இரவல் பொருள் அமானத்தாகும். கவனக்குறைவால் கெட்டால்தான் ஈடு தரவேண்டும். ஷாபிஈ மத்ஹபில் கவனமாக வைத்திருந்தும் தொலைந்தாலும் ஈடு கொடுப்பது கடமை. அனுமதித்த முறையில் உபயோகித்ததால் வரும் தேய்மானம் மட்டும் இதில் சேராது. ஹுனைன் போருக்காக ஸப்வானிடம் கவசங்களை இரவல் வாங்கியபோது, அவை பொறுப்பேற்ற இரவல் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதை ஷாபிஈ இமாம்கள் ஆதாரமாகக் கொள்கிறார்கள். அவரவர் தம் மத்ஹபின்படி முன்னரே பேசிக்கொள்வது நன்று.

3. எழுதிக்கொள்ளுங்கள். நகையின் எடை, அடையாளம், திருப்பித் தரும் நாள் ஆகியவற்றை எழுதி இருவர் அறிய வைத்தால் உறவு முறியாது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தம் சகோதரி அஸ்மா (ரலி) அவர்களிடம் இரவல் வாங்கி அணிந்த கழுத்தணி பயணத்தில் தொலைந்தது. அதைத் தேட நாயகம் (ஸல்) அவர்கள் ஆட்களை அனுப்பினார்கள். தயம்மும் பற்றிய வசனம் அருளப்பட்டது அச்சமயத்தில்தான். இரவல் பொருள் என்று அலட்சியமாக விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

4. இரவலைச் சொந்தமெனக் காட்டாதீர்கள். அலங்காரத்துக்காக இரவல் அணிவது கூடும். "எத்தனை பவுன் போடுகிறீர்கள்?" என்று கேட்போரிடம் அதையும் சேர்த்துக் கணக்குச் சொல்வது கூடாது. தனக்குக் கிடைக்காததைக் கிடைத்ததாகக் காட்டுபவரைப் பொய்யாடை உடுத்தியவருக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள் அண்ணலார். பல வீடுகளில் மணமான நாற்பதாம் நாளே சண்டை மூள்வது இந்தப் பொய்க் கணக்கினால்தான்.

பழைய பொருட்களை வாங்கும்போது

பழைய நகையை மாற்றுவதில் பலரும் அறியாமல் தவறு செய்கிறார்கள். 5 பவுன் பழைய நகையைக் கொடுத்து, சேதாரம், செய்கூலி கழித்து 4 பவுன் புது நகையை நேராக மாற்றிக்கொள்வது வட்டியின் வகையில் சேரும். தங்கத்துக்குத் தங்கம் எடை சமமாகவும் கைக்குக் கை உடனேயும் இருக்கவேண்டும். இதற்கு வழி எளிது: பழையதை விற்றுப் பணத்தைக் கையில் வாங்குங்கள், அந்தப் பணத்தைக் கொடுத்துப் புதியதை வேறு வியாபாரமாக வாங்குங்கள். மட்டமான பேரீத்தம் பழத்தைக் கூடுதலாகக் கொடுத்து உயர்ந்த பழத்தைக் குறைவாக வாங்கியவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி இதுவே. இதைவிட எளியது, தாயாரின் நகையை மெருகேற்றி அப்படியே மகளுக்குப் போடுவது. சேதாரமும் இல்லை, செய்கூலியும் இல்லை.

பட்டுக்கும் இதைச் சொல்லலாம். நாம் வாழ்வது காஞ்சிபுரத்தின் அருகில். கைத்தறியில் நெய்து வெள்ளி ஜரிகை இட்ட பழைய காஞ்சிப் பட்டு ஒரு தலைமுறை கழிந்தும் கெடாது. அந்த வெள்ளிக்காகவே பழம் பட்டை விலைக்குக் கேட்போர் தெருவில் வருகிறார்கள். அவர்களிடம் கொடுப்பதைவிட மகளுக்கு உடுத்துவது மேல். ஆனால் சுத்தப் பட்டு ஆண்களுக்கு ஹராம். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டியும் தங்க மோதிரமும் கூடா, பழையதானாலும் புதியதானாலும் சரியே.

பழைய பாத்திரங்களைப் பிறரிடமிருந்து வாங்கினால் நன்கு கழுவி உபயோகிக்கலாம். வேதக்காரர்களின் பாத்திரங்களைப் பற்றி வினவிய அபூ ஸஃலபா (ரலி) அவர்களுக்கு, வேறு கிடைக்காதபோது கழுவிப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. தெய்வ உருவங்கள் பொறித்த விளக்கு, தட்டுகளை அழகுக்காகவும் வாங்கவேண்டாம்.

மரச்சாமான்களுக்கு நம் பகுதியில் குறைவில்லை. தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் வந்திறங்கும் பேலட் கட்டைகள் காயலான் கடைகளில் கிடைக்கின்றன. (காயல்பட்டினத்து வணிகர்களால் அக்கடைகளுக்கு அப்பெயர் வந்தது என்பர்.) நல்ல தச்சர் அவற்றை இழைத்துக் கட்டிலும் அலமாரியும் செய்துவிடுவார். வெளிநாட்டிலிருந்து வந்த கட்டையில் முத்திரை இருக்கும், எச்.டி. என்றிருந்தால் சூட்டினால் பக்குவம் செய்தது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் நச்சுப் புகையூட்டியது, படுக்கைக்கு வேண்டாம். விற்பவரும் பொருளின் குறையை மறைக்கலாகாது; மறைத்து விற்றால் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு.

கைவேலை

சகோதரிகளே! பெண்ணுக்குத் தையல் தெரிந்தால் திரையும் தலையணை உறையும் வீட்டிலேயே தைக்கலாம். அழைப்பை நல்ல எழுத்துக்காரர் ஒருவர் கையால் எழுதிப் படியெடுக்கலாம். வாங்கித்தான் ஆகவேண்டுமானால் கைத்தொழிலாளரிடம் வாங்குங்கள். இங்கு வந்து குடியேறியுள்ள நெல்லை மக்களுக்குப் பத்தமடைப் பாயைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கோரைப் புல்லை நுணுக்கமாகக் கீறி, மணமக்களின் பெயரையும் நெய்து தருவார்கள். 1953-இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு அப்பாய் பரிசாகச் சென்றது. அதை நெய்வோரில் பெரும்பாலார் நம் முஸ்லிம் பெண்களே. ஸ்பான்ஞ் மெத்தைக்குத் தவணை கட்டும் பணத்தில் ஒரு சகோதரியின் அடுப்பு எரியுமானால் அந்த நிக்காஹில் பரக்கத் இராதா?

எளிமையிலும் பகட்டு உண்டு

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இப்பொழுது சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் 'பழங்காலப் பாணித் திருமணம்' என்று ஒன்று பரவி வருகிறது. பழைய கார், பழைய கிராமபோன், பித்தளை அண்டாக்கள் முதலியவற்றை வாடகைக்கு எடுத்து, கைவேலை போலத் தோன்றும் அலங்காரங்களைக் கடையில் வாங்கி, புதிதைக்காட்டிலும் அதிகம் செலவிடுகிறார்கள். பழமையைக் காட்சிக்கு வைப்பது எளிமையன்று. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பது நம் தீனின் அடிப்படை. தாயின் பட்டை மகள் உடுத்துவது கடனைத் தவிர்க்கவும் சுன்னத்தைப் பேணவும் ஆனால் அது இபாதத். புகைப்படத்துக்காக ஆனால் அதுவும் இஸ்ராபே.

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஜமாஅத்தார் ஒரு சிறு அறை ஒதுக்கி, சமையல் பாத்திரங்கள், விரிப்புகள், நல்ல நிலையிலுள்ள மண ஆடைகள் சிலவற்றைச் சேர்த்துவைத்து, பதிவேட்டில் எழுதி இரவல் கொடுக்கலாம். ஏழைக்கு மட்டும் என்று வைத்தால் யாரும் வாங்க வரமாட்டார்கள். தலைவர் வீட்டு நிக்காஹுக்கே முதலில் அங்கிருந்து எடுக்கட்டும். பிறகு எந்த ஏழைத் தகப்பனும் தலைகுனியாமல் வந்து கேட்பார். அன்னையின் அந்த ஐந்து திர்ஹம் ஆடை மதீனா முழுவதற்கும் பயன்பட்டது அவர்கள் நாயகத்தின் மனைவியாயிருந்தும் அதைத் தாமும் உடுத்தியதால் அன்றோ!

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் நிக்காஹ்களை வட்டியிலிருந்தும் வீண் பெருமையிலிருந்தும் காத்து, அவற்றில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.