கடலோரச் சிற்றூரும் கட்டாய மருத்துவப் பணியும்

(மூன்றாம் ஆண்டு, பொருளியல்)

எங்கள் ஊர் கோட்டைப்பட்டினம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேற்குடியைத் தாண்டித் தெற்கே வந்தால் கருவாட்டு வாடையே வழிகாட்டும். பெரிய வைத்தியம் என்றால் அறந்தாங்கிக்கோ, அதற்கும் அப்பால் புதுக்கோட்டைக்கோ போயாக வேண்டும். புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2017இல்தான். பொருளியல் மாணவனாகிய எனக்கு மருத்துவர்களின் கட்டாயப் பணியில் என்ன அக்கறை என்று கேட்கலாம். என் அப்பத்தாதான் காரணம்.

அப்பத்தாவுக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உண்டு. அரசு மருத்துவரிடம்தான் காட்டுகிறோம். ஐந்தாண்டுகளில் நான்கு மருத்துவர்கள் மாறிவிட்டனர். எவரும் குறை சொல்லத்தக்கவர் அல்லர். ஆயினும் ஒவ்வொருவரிடமும் தம் நோயின் கதையை அப்பத்தா முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கடைசியாக வந்தவர் இளைஞர். "ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாதம்தான் பாட்டி" என்று சிரித்தாராம். "பாவம், அந்தப் புள்ள நாள எண்ணிக்கிட்டு இருக்கு" என்றார் அப்பத்தா, வீட்டுக்கு வந்து.

கட்டாயப் பணி என்பது யாது? மக்களின் வரிப்பணத்தில் மருத்துவம் பயின்றவர், குறிப்பிட்ட காலம் அரசு காட்டும் இடத்தில் பணியாற்ற வேண்டும் என்னும் ஏற்பாடு. மெக்சிகோவில் இது 1936இலேயே வந்துவிட்டது. தென்னாப்பிரிக்கா 1998இல் மருத்துவர்களுக்கு ஓராண்டுச் சமூகப் பணியை விதித்தது. இவ்வாறு ஏதேனும் ஒரு வகையில் கட்டாயத்தைக் கையாண்ட 70 நாடுகளை 2010இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. நம் தமிழ்நாட்டிலும் அரசுக் கல்லூரியில் பட்டமேற்படிப்பு பயில்வோர் ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும்; மீறினால் பல இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும். இத்தகைய ஒப்பந்தங்கள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

இதற்கு நேர்மாறான வழி ஒன்றும் நம் மாநிலத்தில் உண்டு. என் கருத்தில் அதுவே சிறந்தது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் அரசு இடங்களில் பாதியை நெடுங்காலமாக ஒதுக்கி வந்தோம். கிராமத்துக்கு வா என்று கையைப் பிடித்து இழுப்பதற்குப் பதிலாக, கிராமத்தின் வழியாக மேற்படிப்புக்குப் போ என்று வழிகாட்டியது அது. 2017இல் அகில இந்திய விதிகளால் அந்த ஒதுக்கீடு தடைப்பட்டது. பின்தங்கிய பகுதிகளில் பணியாற்றியோருக்கு ஊக்க மதிப்பெண் மட்டும் நின்றது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர் சங்கம் தொடுத்த வழக்கில், இவ்வாறு ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது.

ஆனால் இதிலும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. ஊர் பழகிய வேளையில் மருத்துவர் மேற்படிப்புக்குப் புறப்பட்டுவிடுகிறார். நிபுணராகத் திரும்புகிறவர் பெரிய மருத்துவமனைக்குப் போவாரேயன்றி, எங்கள் ஊர்ப் பக்கம் வருவதற்கில்லை. நாற்காலி காலியாக இல்லை. அமர்ந்திருப்பவர் மாறிக்கொண்டே இருக்கிறார். பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் யாராவது ஒரு மருத்துவர் இருந்தால் போதும். சர்க்கரைக்கு அது போதாது. ஆயுள் முழுதும் தொடரும் நோய்க்கு நம்மை அறிந்த ஆள் வேண்டும்.

அப்பத்தாவை அறிந்த ஆள் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர், எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருக்காரர். கருவாடு தின்றதை அப்பத்தா மறைத்தாலும் கண்டுபிடித்துவிடுவார்! அவரை எந்த ஒப்பந்தமும் இங்கே கட்டிவைக்கவில்லை. வீடு இங்கே இருக்கிறது, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட பரிந்துரைகளும் இதையொட்டியே அமைந்தன. நாட்டுப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களை மருத்துவப் படிப்பில் சேர்த்தால் அவர்கள் நாட்டுப்புறத்துக்குத் திரும்பும் வாய்ப்பு மிகுதி. கட்டாயம் விதித்தால் தகுந்த உதவியும் ஊக்கமும் உடன் தரவேண்டும் என்பன அவை. மீனவர்களாகிய எங்களுக்கு இது புதிதன்று. ஆண்டுக்கு 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன. சட்டம் மட்டும் இருந்து, நிவாரணம் இல்லையென்றால் அடுப்பு எரியாது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் வந்தது. கடலோரப் பிள்ளைகளும் மருத்துவராகலாம் என்ற நம்பிக்கை அதன்பின் எங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் படிக்கும் என் தங்கை நீட் தேர்வுக்கு ஆயத்தமாகிறாள். இக்கட்டுரையை அவளிடம் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்படின்னா நான் டாக்டரானா இங்கேயேதான் இருக்கணுமா அண்ணே?" என்றாள். அப்பத்தா என் முகத்தைப் பார்த்தார். நான் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.