மூன்று வேளையும் நின்று பார்

போன வாரம் என் அண்ணன் மகனும் அவன் வீட்டுக்காரியும் வந்திருந்தார்கள். மாமல்லபுரத்தில் பூக்கடை போடப் போகிறார்களாம், இடமும் பார்த்தாயிற்றாம். "ஐந்து ரதம் போற ரோடு அத்தை, நாள் முழுக்கக் கூட்டம்" என்றான். எத்தனை மணிக்குப் போய்ப் பார்த்தாய் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றான். ஒரு நாள், ஒரே வேளை! அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

நான் 1984-ல் செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் கூடை வைத்து ஆரம்பித்தவள். அப்போது கோயம்பேடு கிடையாது. ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, பூக்கடை பத்ரியன் தெருவுக்கு நடந்து போய் வாங்கி வருவோம். ஷட்டர் வைத்த கடை எனக்கு அமைந்தது 1996-ல், கோயம்பேடு மார்க்கெட் திறந்த அதே வருஷம். அன்றைக்கு அவர்களிடம் சொன்னதை, கடை போட நினைக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் ஆகுமென்று எழுதி வைக்கிறேன்.

1. கூட்டத்தைப் பார்க்காதே, அதன் கையைப் பார். ஐந்து ரதம் ரோட்டில் போகிறவர்கள் கையில் இளநீர் இருக்கும், சங்கு மாலை இருக்கும், செல்போன் இருக்கும். பூ இருக்காது. ஊர் சுற்ற வந்தவர் மல்லியை போட்டோ எடுப்பாரே தவிர வாங்க மாட்டார். அதே ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தலசயனப் பெருமாள் கோயில் வாசலில் கூட்டம் பாதிதான். ஆனால் வருகிற ஜனம் துளசிக்கும் பூவுக்கும் காசை முடிந்து வைத்துக்கொண்டு வருகிறது. அது பூதத்தாழ்வார் குருக்கத்திப் பூவில் அவதரித்ததாகச் சொல்கிற ஊர். அந்தப் பெருமாளுக்குப் பூ வாங்காமல் யார் போவார்கள்?

இடம் பிடித்துப்போனால் அட்வான்ஸ் கொடுக்குமுன் அங்கே மூன்று வேளையும் போய் நில். காலை ஐந்தரையிலிருந்து எட்டு, மத்தியானம் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு. ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு முகூர்த்த நாள், ஒன்றுமில்லாத ஒரு புதன்கிழமை. கையில் நோட்டு வைத்துக்கொண்டு கையிலோ தலையிலோ பூவோடு போகிறவர்களை மட்டும் எண்ணு. அவர்கள் எங்கேயோ வாங்கியிருக்கிறார்கள் அல்லவா? அது எங்கே என்றும் கண்டுபிடி. காலையில் செத்து மத்தியானம் உயிர் வருகிற ரோடு ஐஸ்கிரீம் கடைக்கு ஆகும், பூவுக்கு ஆகாது.

2. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பூ, ஒரு நேரம் உண்டு. செங்கல்பட்டில் காலை ரயிலுக்கு ஓடுகிற பெண்கள் முழம் வாங்குவார்கள். சில்லறை தயாராக இல்லையென்றால் நிற்க மாட்டார்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிப் பக்கம் ரோஜா மாலையும் சம்பங்கி மாலையும் எந்த நேரத்திலும் கேட்பார்கள், எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வியாபாரத்தில் பேரம் கிடையாது. அதனாலேயே அங்கே நியாய விலை சொல்ல வேண்டும். 2019-ல் மாவட்டம் தனியாகப் பிரிந்து கலெக்டர் ஆபீஸ் வந்த பிறகு பொக்கே கேட்கிறவர்களும் கூடிவிட்டார்கள். திருக்கழுக்குன்றத்தில் பௌர்ணமி கிரிவலமும் சித்திரைத் திருவிழாவும்தான் கணக்கு.

திருவிடந்தை தனிக் கதை. நித்யகல்யாணப் பெருமாளிடம் கல்யாணம் கூடி வர வேண்டிக்கொள்கிற பிள்ளை மாலையோடு வரும். அர்ச்சனை முடிந்து திருப்பிக் கொடுக்கிற மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று வரும். அப்புறம் அதை வீட்டில் பத்திரமாக வைத்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆக, அங்கே விற்கிற மாலை மாசக்கணக்கில் ஒரு வீட்டு ஆணியில் தொங்கப் போகிறது. அது காயலாம், உதிரக் கூடாது. ஜிகினா சுற்றிப் பருமன் காட்டுகிற வேலையெல்லாம் அங்கே வேண்டாம். நாரை ஊறவைத்து இறுக்கிக் கட்டு.

3. கடற்கரைக் கல்யாணத்தை நம்பி வாடகை பேசாதே. ஈ.சி.ஆர். ரிசார்ட்டுகளில் மேடை போடுகிற டெக்கரேஷன்காரர்கள் ஓசூர், பெங்களூர்ப் பூவை, ஜெர்பராவும் கார்னேஷனுமாக, வேனிலேயே இறக்கிவிடுவார்கள். உன்னிடம் வாங்க மாட்டார்கள். ஆனால் முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால் நாலரைக்கு ஏதாவது ஒன்று குறையும். பெண்ணின் தலைக்கு இரண்டு பந்து மல்லி, சம்பந்திக்கு ஒரு மாலை, தட்டுக்கு உதிரி. அந்த நேரத்தில் விளக்கு எரிகிற ஒரே கடையாக உன் கடை இருந்தால் போதும். என்னைக் கேட்டால் மாமல்லபுரத்தில் புதுக்கடைக்குப் பிழைப்பு அந்த நாலரை மணியில்தான்.

மாசி மகத்துக்கு இருளர்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து கடற்கரை மணலில் தங்கிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். விடியற்காலையில் அங்கேயே கல்யாணமும் நடக்கும். சின்னச் சின்னதாகக் கதம்பமும் மஞ்சள் சாமந்தியும் கட்டி வை. அன்றைக்கு விலை ஏற்றாதே.

4. கடை வடக்கு பார்த்திருந்தால் நல்லது. வாஸ்துக்காரரும் இதையேதான் சொல்வார், எனக்கு அவரோடு சண்டை இல்லை. ஆனால் என் காரணம் வேறு. நம் பக்கத்தில் வருஷத்தில் பெரும்பாலான நாள் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகும். சித்திரை நடுவிலிருந்து ஆவணி பிறக்கும் வரைதான் வடக்கு வாசலில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும், அதற்கு ஒரு படுதா போதும். மேற்கு பார்த்த கடையில் மூன்று மணி வெயில் நேராக வந்து ரோஜாவைக் கருக்கும். கிழக்கு பார்த்து, கடலையும் பார்த்திருந்தால் மத்தியானம் உப்புக்காற்று அடித்து மல்லியின் ஓரம் பழுக்கும், ஷட்டரும் இரண்டு வருஷத்தில் துருப்பிடித்து இறங்காது. வாசலில் வேப்பமரம் இருந்தால் வாடகை ஐந்நூறு கூடக் கேட்டாலும் கொடு.

5. பக்கத்துக் கடை யாருடையது? இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஒரு தடவை பொக்கே ஆர்டருக்காக அறுபது கார்னேஷன் வாங்கி, இடமில்லாமல் பக்கத்து வாழைப்பழ குடோனில் ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் அறுபதும் தூங்கி விழுகிற குழந்தை மாதிரி உள்ளே மடங்கியிருந்தன. பழம் பழுக்கும்போது எத்திலீன் என்கிற வாயு விடுமாம், அது பட்டால் கார்னேஷன் விரியாமல் சுருண்டுவிடும். நமக்குக் கண்ணிலும் தெரியாது, மூக்கிலும் ஏறாது. பழக்கடையை ஒட்டி எடுக்காதே, வீட்டு ஃபிரிட்ஜில் ஆப்பிளோடும் பூ வைக்காதே. எண்ணெய்ப் பலகாரக் கடையும் வேண்டாம், மல்லியில் பஜ்ஜி வாசனை வரும். பூஜை சாமான் கடை, வளையல் கடை, டெய்லர் கடை பக்கத்தில் அமைந்தால் அதிர்ஷ்டம்.

6. குழாய்த் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் பேசு. கடலோரத்தில் பல போர்வெல்களில் உப்பு ஏறியிருக்கும். அதில் நிறுத்திய ரோஜா மறுநாளே தலை சாயும். நல்ல தண்ணீருக்கு கேன் வாங்க வேண்டியிருந்தால் அதையும் வாடகையில் சேர்த்துக் கணக்குப் போடு.

7. காகிதம். எனக்கு அலுப்பான விஷயம், ஆனாலும் கேட்டுக்கொள். 2017-ல் போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். "நம்ம புள்ளதானே, வாய்ப்பேச்சு போதும்" என்கிற உரிமையாளர்தான் இரண்டாம் வருஷம் வாடகையை இரட்டிப்பாக்குவார். மின் இணைப்பு வணிக இணைப்பா என்று மீட்டர் அட்டையைப் பார். வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் அபராதம் உன் தலையில்தான் விழும். நகராட்சியில் தொழில் உரிமம், தொழில் வரி.

மாமல்லபுரத்தில் இன்னொன்று உண்டு. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிற சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்டலாம். அந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சின்னம் நிற்கிறது! முன்னால் தகரக் கூரை இழுத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதே. ரோடு அகலப்படுத்த எங்காவது சுவரில் பெயிண்ட் குறி போட்டிருக்கிறதா என்றும் பார். எனக்குத் தெரிந்த ஒருத்தி ஒரு லட்சம் செலவழித்து முகப்பு போட்டாள், நாலு மாசத்தில் முகப்பு ரோடாகிவிட்டது.

பணம் போதாவிட்டால் முத்ரா கடனில் சிசு என்ற பிரிவில் 50,000 வரை கேட்கலாம். மீட்டர் வட்டிக்காரரிடம் மட்டும் போகாதே.

8. சரக்கு எப்படி வரும் என்பதைக் கடை எடுக்கு முன்பே நடந்து பார். கோயம்பேட்டுக்கு விடியுமுன் போய்ச் சேர வேண்டும். செங்கல்பட்டிலிருந்து போக வர நூறு கிலோமீட்டருக்கு மேல். திண்டுக்கல், மதுரைப் பக்கத்துப் பூ பஸ்ஸில் பார்சலாக வந்தால், 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறந்ததிலிருந்து தெற்கத்தி அரசு பஸ் அங்கேயே நின்றுவிடுகிறது, நமக்கு அது கிட்டம்தான். காஞ்சிபுரம் பூக்கடைச் சத்திரத்தையும் விசாரி. எந்த வழியானாலும் பூ பறித்த நேரத்திலிருந்து மணி எண்ணு. மல்லி விடியற்காலை மொட்டாகப் பறிப்பது, சாயங்காலம் அது விரிந்தே தீரும். உன் கைக்கு மத்தியானம் வந்தால் உனக்குக் கிடைப்பது நாலைந்து மணி நேர வியாபாரம். அந்த மணிக்குள் உன் கடை வாசலில் ஜனம் நடக்கிறதா என்பதைத்தான் முதல் அறிவுரையில் எண்ணச் சொன்னேன்.

9. கடை திறக்குமுன் ஒரு மாசம் கட்டிப் பழகு. 200 கிராம் மல்லியை எடைபோட்டு வாங்கி, நீயே கட்டி, எத்தனை முழம் வருகிறது என்று அளந்து எழுது. இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்புக்குக் காம்பு ஒட்டி வைத்து நாரை மடக்கி ஒரு சுண்டு. அதிகம் இறுக்கினால் காம்பு அறுந்து மொட்டு மடியில் விழும், தளர்ந்தால் தலையில் வைத்ததும் நழுவும். பெருவிரல் நகத்துக்குக் கீழே நார் வெட்டிக் காய்ப்பு ஏறும் வரை கணக்கு தப்பாகவே வரும். ஐந்து நாள் கட்டினால் உன் கைக்கு 200 கிராமுக்கு எத்தனை முழம் என்று தெரிந்துவிடும், விலையை அதிலிருந்து வை. பக்கத்துக் கடையின் விலையைக் கேட்டு வைக்காதே, அவள் கை நெருக்கம் வேறு. என் முழங்கை குட்டை. "உன் முழம் அரை முழம்" என்று நாற்பது வருஷமாகத் திட்டு வாங்குகிறேன். அதற்காகவே ஒவ்வொரு முழத்துக்கும் நாலு விரல் கூட விட்டுவிடுவேன், விலையில் அதையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

மல்லியின் மேல் தண்ணீர் தெளிக்காதே, சீக்கிரம் விரிந்துவிடும். ஈரத்துணியைப் பிழிந்து மூடு. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்தால் துணியில் சுற்றி வை, ஐஸ் தண்ணீர் பட்ட இடத்தில் மொட்டு பழுப்பாகிவிடும். ரோஜாவுக்குக் காம்பைச் சாய்வாக வெட்டு, தண்ணீரில் முங்குகிற இலையைக் கிள்ளு, வாளியைத் தினம் தேய். 2019-லிருந்து பிளாஸ்டிக் பை தடை. மந்தாரை இலையும் வாழை இலையும் கட்டு கட்டாக வாங்கி வை, பூவுக்கும் அதுதான் குளிர்ச்சி.

10. கடன். தெரிந்த முகத்துக்கு ஒரு முழம் கடன் கொடு. கல்யாண ஆர்டருக்குப் பாதிப் பணம் கையில் வராமல் ஒரு மொட்டு வாங்காதே.

11. எப்போது திறப்பது? எல்லோரும் ஆவணி முதல் முகூர்த்தத்தைத்தான் சொல்வார்கள். அன்றைக்குப் பூ விலை உச்சியில் இருக்கும், உனக்கு இன்னும் கை வந்திருக்காது. தப்பு செய்தால் விலை உயர்ந்த தப்பு. நான் ஆடி இரண்டாம் வெள்ளியில் ஷட்டர் தூக்கினேன், மாமியார் ஒரு வாரம் பேசவில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் பெரிய ஆர்டர் பயம் இல்லை. அம்மன் கோயில் ஒவ்வொன்றிலும் கூழும் பூவும் ஓடும். மல்லி வரத்தும் இருக்கும். முழ வியாபாரத்திலேயே மூன்று வாரம் பழகிவிட்டு ஆவணிக்குத் தயாரானேன். தையில் ஆரம்பிக்க மட்டும் யோசி. பனியில் மல்லி வரத்து குறைந்து, கோடையில் சில நூறுக்கு வாங்கிய கிலோ ஆயிரங்களுக்குப் போகும்.

12. முதல் நாள் கடையை நிரப்பாதே. இரண்டு கிலோ மல்லி, ஒரு கிலோ சாமந்தி, கொஞ்சம் கதம்பம், நாலு மாலை. போணி செய்கிறவருக்கு ஒரு முழம் கூடக் கொடு. ராத்திரி ஷட்டர் இறக்குமுன், விற்றதை எண்ணுவதற்கு முன்னால், மிஞ்சியதைத் தராசில் போட்டு எத்தனை கிராம், எந்தப் பூ, எத்தனை மணிக்கு வாங்கியது என்று அதே நோட்டில் எழுது. என் அண்ணன் மகன் நோட்டு வாங்கிவிட்டான். நேற்றுக் காலை ஐந்தரைக்குத் தலசயனப் பெருமாள் கோயில் வாசலிலிருந்து போன் செய்தான். "அத்தை, இதுவரைக்கும் பதினெட்டுப் பேர்" என்றான். சாயங்காலமும் நில், அப்புறம் பேசலாம் என்றேன்.