ஐம்பது மணித்தியாலக் கணக்கு

உயர்தரப் பரீட்சை எழுதிப் பதினாறு வருடம் கழித்து நான் மறுபடியும் மாணவியானேன். வரக்காப்பொலையிலிருந்து உள்ளே போகும் ஒரு றப்பர்த் தோட்டத்தில் எனக்குப் பிள்ளைமடுவத்தில் வேலை. கணவர் பால்வெட்டு. பிள்ளைகள் இரண்டு. நான் இணையவழியில் படிப்பது தெரிந்த நாளிலிருந்து தோட்டத்துப் பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, இந்த வயசுல மண்டையில ஏறுமா?"

ஏறும். என்னோடு சேர்ந்து பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். ஒருத்தர்கூட விளங்காமல் விடவில்லை. வீட்டில் யாரிடமும் நேரத்தைக் கேட்டு வாங்காமல் தொடங்கியவர்கள்தான் விட்டார்கள். ஆகவே இந்த வழிகாட்டி விண்ணப்பப் படிவத்திலிருந்து தொடங்கவில்லை.

1. முதலில் மணித்தியாலத்தை எண்ணுங்கள்

இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 மணித்தியாலம் வேண்டும். அதை முப்பது வாரத்தில் முடிப்பதானால் வாரத்துக்கு ஐந்து. நான்கு பாடம் எடுத்தால் வாரத்துக்கு இருபது, அதாவது நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று. முழுநேர மாணவர் ஒரு வருடத்தில் எடுக்கும் 30 கிரெடிட்டையும் நீங்கள் எடுத்தால் 1,500 மணித்தியாலம். வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு அது நடவாத காரியம். பாதியை எடுங்கள், பட்டம் சில வருடம் பிந்தி வரட்டும்.

இந்தக் கணக்கை ஒரு கொப்பித் தாளில் எழுதி வீட்டில் எல்லோரும் இருக்கும்போது வாசியுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். இரவு எட்டரையிலிருந்து பத்து மணி வரைக்கும் கூப்பிட வேண்டாம், சனிக்கிழமை பின்னேரம் சமையல் என் பொறுப்பில்லை என்று சொன்னேன். கணவர் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "எத்தன வருசத்துக்கு?" என்றார். நாலு என்றேன். மறுநாள் அவரே அந்தத் தாளைக் குசினிச் சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தார். கேட்காமல் எடுத்துக்கொண்ட நேரத்தைத் திரும்பப் பறித்துவிடுவார்கள். கேட்டு வாங்கிய நேரத்தை அவர்களே காவல் காப்பார்கள்.

2. எங்கே சேருவது

நம் போன்றவர்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். 1980இல் தொடங்கியது, தலைமையகம் நாவலவில். வேலை செய்துகொண்டே தொலைவிலிருந்து படிப்பவர்களுக்கென்றே அமைந்த நிறுவனம் அது. உயர்தரம் இல்லாதவர்களும் அடிப்படைக் கற்கைநெறி ஒன்றை முடித்து அந்த வழியால் பட்டப்படிப்புக்குப் போகலாம். இந்த ஒரு வசனத்தைத் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. சாதாரண தரத்தோடு நின்ற எத்தனையோ பேர் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

விண்ணப்பிக்க முன்னர் மூன்று விடயம் கேளுங்கள். நீங்கள் எடுக்கும் பாடங்கள் எல்லாம் தமிழ் மொழிமூலத்தில் உண்டா? டே ஸ்கூல் எனப்படும் நேரடி வகுப்பு தமிழில் எந்த நிலையத்தில் நடக்கிறது? கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா? இரண்டாவது கேள்வி நமக்கு முக்கியம். வரக்காப்பொலையிலிருந்து கேகாலை இருபது கிலோமீற்றர்தான். ஆனால் தமிழ் வகுப்பு கண்டியிலோ கொழும்பிலோ என்றால் போக்குவரத்துக்கே ஒரு நாள் போய்விடும். கண்டி வீதியில் நிற்கிறோம், இரண்டு பக்கமும் 1ஆம் இலக்க பஸ் இருக்கிறது என்பது நமக்குள்ள வசதி. டெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து வருபவர்களுக்கு அதுவும் இல்லை.

வெளிநாட்டுப் பட்டம், எட்டு மாதத்தில், வீட்டிலிருந்தே என்று விளம்பரம் கண்டால் நில்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் நகைகளை அடகு வைத்து அப்படி ஓர் இடத்தில் பணம் கட்டினார். கையில் கிடைத்த சான்றிதழை எந்த நேர்முகப் பரீட்சையிலும் ஏற்கவில்லை. பணம் கட்ட முன்னர் அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

3. பேரைச் சரிபாருங்கள்

இது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் தலைவலி. பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, பரீட்சைப் பெறுபேற்றில் அப்பாவின் பேர் முன்னுக்கு. பதிந்தவருக்குத் தமிழ் தெரியாது, பதியப் போன தாத்தாவுக்குச் சிங்களம் தெரியாது. என் பேர் மூன்று பத்திரத்திலும் மூன்று விதம்.

விண்ணப்பக் காலம் திறக்கும்வரை காத்திருக்காமல் இரண்டு மாதத்துக்கு முன்பே எல்லாவற்றையும் மேசையில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மூன்று பேரும் ஒரே ஆளுடையவை என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிக்கலாம். பிழை பெரிதென்றால் பிரதேச செயலகத்தில் பதிவாளரிடம் போய்த் திருத்த வழி கேட்க வேண்டும். பழைய பெறுபேற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் இணையவழியாகவே விண்ணப்பிக்கலாம். சுட்டெண்ணும் வருடமும் தேவை. சுட்டெண் மறந்தவர்கள் பழைய பாடசாலை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

4. இஸ்தோப்பில் ஒரு மேசை

லயத்து வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? இஸ்தோப்பின் ஒரு மூலையில் ஒரு மேசை, ஒரு பல்ப் போதும். அந்த மேசையில் வேறெதுவும் வைக்கக்கூடாது. என் மேசையில் முதல் வாரமே வெங்காயம் வந்து உட்கார்ந்தது. எடுத்துவிட்டேன், அது திரும்பி வரவில்லை.

சிக்னல் எங்கே நன்றாக வருகிறது என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள், அதுவும் வகுப்பு நடக்கும் அதே நேரத்தில். காலையில் நான்கு கோடு காட்டும் இடத்தில் இரவு எல்லோரும் வீடியோ பார்க்கும்போது ஒன்றும் இருக்காது.

அடுத்தது மழை. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடியோடு வரும் மழை இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. தகரக் கூரையில் அது விழத் தொடங்கினால் விரிவுரையாளரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். காதுக்குள் செருகும் இயர்போன் வாங்குங்கள். விலை கூடியது வேண்டாம். இடி தொடங்கினால் ரூட்டரையும் சார்ஜரையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டு போனில் மட்டும் தொடருங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில் நான் பழகிய பழக்கம் இன்றும் விடவில்லை: பவர் பேங்க் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.

டேட்டாவுக்கு ஒரு வழி சொல்கிறேன். சில பக்கேஜுகளில் நள்ளிரவு தாண்டிப் பாவிக்க இரவு டேட்டா தனியாகத் தருவார்கள். நாம் எப்படியும் விடிய நாலு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டுகிறவர்கள். எழும்பியதும் வகுப்பின் பதிவையும் பிடிஎப்களையும் இறக்கப் போட்டுவிட்டுச் சோற்றுக்கு உலை வையுங்கள். சோறு வடிக்கும்போது எல்லாம் இறங்கியிருக்கும். சூம் வகுப்பில் உங்கள் கமராவை மூடி வைத்தாலும் கணிசமாக மிச்சம்.

5. ஒப்படை

முதல் ஒப்படையை நான் கையால் எழுதி டவுனில் டைப் பண்ணக் கொடுத்தேன். கடையில் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. அனுப்பிய பிறகுதான் தெரிந்தது, அது பாமினி எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். மூன்று வார உழைப்பு அப்படி நின்றதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். கேட்காமல் விட்டது என் பிழை. டைப் பண்ணக் கொடுத்தால் யூனிகோட் என்று முதலிலேயே சொல்லுங்கள். அனுப்ப முன்னர் பிடிஎப் ஆக்கி, அதை வேறொருவரின் போனில் திறந்து பாருங்கள். இதைவிட நல்லது, போனிலேயே தமிழில் அடிக்கப் பழகுவது. வட்ஸ்அப்பில் அடிக்கும் கைக்கு ஒப்படையும் வரும்.

கடைசித் திகதிக்கு இரண்டு நாள் முன்னதாக உங்களுக்கென ஒரு திகதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் இணையத்தளத்தில் ஏறுவார்கள்.

என்ன எழுதுவது என்பதில்தான் வயது வந்தவர்களுக்குப் பலம் இருக்கிறது. குழந்தை வளர்ச்சிப் பாடத்தில் ஜோன் போல்பி என்ற ஆங்கிலேய உளமருத்துவர் வந்தார். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலுள்ள பற்றைப் பற்றிச் சொன்னவர். மொடியூலில் நாலு பக்கம். மூன்று தடவை வாசித்தும் பிடிபடவில்லை. மறுநாள் காலை மடுவத்தில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று, அம்மாவின் சேலையை அல்ல, பால் வாளியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. விரல் விரலாகப் பிரித்தோம். அம்மா மலைக்கு ஏறிய பிறகு பிள்ளை அழவில்லை. வாளி வைத்திருந்த இடத்தில் நிலத்தில் கிடந்த வட்டமான ஈரத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தது. அன்றிரவு ஒப்படையின் முதல் பக்கத்தை அந்த ஈரத்திலிருந்துதான் தொடங்கினேன். போல்பி எழுதியது எல்லாம் அதற்குப் பிறகு தானாக விளங்கியது.

உங்கள் வேலையும் அப்படி ஏதோ ஒன்றைக் காட்டும். தினமும் ஒரு வரி குறித்து வையுங்கள். இணையத்தில் வெட்டி ஒட்டுவதோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்குவதோ வேண்டாம். பிடிபடும் என்ற பயத்துக்காகச் சொல்லவில்லை, அந்தப் பிள்ளையை நீங்கள் பார்த்ததுபோல் அதற்குப் பார்க்க முடியாது. மலையக வரலாறு, பழைய சஞ்சிகைகள் தேவைப்பட்டால் 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தைத் திறவுங்கள், காசில்லாமல் வாசிக்கலாம்.

6. கூட்டாளிகள்

வட்ஸ்அப் குழுவில் சேருங்கள். ஆனால் இருநூறு பேர் உள்ள குழுவில் இரவெல்லாம் செய்தி வரும், படிப்பு வராது. அதிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்து ஞாயிறு தோறும் அரை மணித்தியாலம் பேசுங்கள். எங்கள் மூவரில் ஒருவர் இரத்தினபுரியில் தேயிலைத் தோட்டத்தில், மற்றவர் ஹற்றனில். ஆளுக்கொரு அத்தியாயத்தை மற்ற இருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

7. பரீட்சைக்கு முந்திய மூன்று வாரம்

வகுப்பு இணையத்தில் நடந்தாலும் இறுதிப் பரீட்சை பெரும்பாலும் மண்டபத்தில், பேனாவால்தான். பதினாறு வருடம் பரீட்சை எழுதாத கை அது. முதல் பரீட்சையில் ஒன்றரை மணித்தியாலத்தில் என் பெருவிரல் மரத்துப்போய், தெரிந்த விடையையும் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். மூன்று வாரத்துக்கு முன்பே தினம் ஒரு விடையைக் கடிகாரம் பார்த்து எழுதிப் பழகுங்கள்.

பரீட்சை நாளில் வேலையில் பேர் விழாது, சம்பளம் போகும். அதையும் மாதச் செலவுக் கணக்கில் முன்கூட்டியே எழுதுங்கள். அனுமதி அட்டையில் கையொப்பம் உறுதிப்படுத்த வேண்டுமா என்று ஒரு கிழமைக்கு முன் பாருங்கள், கடைசி நாளில் கிராம உத்தியோகத்தரோ துரையோ கிடைக்கமாட்டார்கள். தேசிய அடையாள அட்டை, இரண்டு நீலப் பேனா, தண்ணீர், குடை. தோட்டத்திலிருந்து கண்டி வீதிக்கு இறங்க முதல் நாளே ஓட்டோ ஒன்று சொல்லி வையுங்கள்.

பெறுபேறு வந்ததும் அடுத்த வருடப் பதிவுக்கு முன்னர் குசினிச் சுவரிலுள்ள தாளைக் கழற்றிப் புதுக் கணக்கு எழுதுங்கள். என் மொடியூல்கள் இப்போது மேல் டிவிஷனில் ஒரு தங்கச்சியிடம் இருக்கின்றன. ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியதை அழித்துத் தரவா என்று கேட்டேன். "வேணாங்கக்கா, அதத்தான் மொத வாசிக்கிறேன்" என்றாள்.