வல்லாரைத் தேர்தல்

வரி தண்டுதல், வழக்குத் தீர்த்தல், நோய் தடுத்தல், சாலை அமைத்தல் என ஓர் அரசு செய்யவேண்டிய வினைகள் பலவாகும். இவற்றையெல்லாம் அது தக்க ஆட்களைக் கொண்டே செய்விக்கின்றது. ஆதலால், 'இவ்வினைக்கு உரியவர் யார்?' என்னும் வினா ஏனைய வினாக்களுக்கெல்லாம் முந்தியதாய் நிற்கின்றது. திருவள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தது இது பற்றியே. ஆளைத் தேர்வது எத்துணை அரிய செயல் என்பதை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசு கணிப்பொறி வல்லுநரைத் தேடி அலைந்த வரலாற்றைக் கொண்டு ஈண்டு அறிவோம்.

அவ்வரலாறு கணிப்பொறி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே தொடங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டின் அரசுப் பணி, தேர்தலில் வென்ற கட்சியார் தம் ஆதரவாளர்க்கு வழங்கும் பரிசிலாய் இருந்தது. புதிய குடியரசுத் தலைவர் பதவி ஏற்றதும் பழைய அலுவலர் பலர் விலக்கப்படுவர். வேலை வேண்டுவோர் கூட்டம் அவர் மாளிகை வாயிலை மொய்க்கும். 1881ஆம் ஆண்டில் கார்பீல்டு தலைவரானார். அவருக்காகச் சொற்பொழிவு ஒன்றை எழுதிய சார்லஸ் கிட்டோ என்பவன், அத்தொண்டிற்குக் கைம்மாறாகப் பாரிஸ் நகரத்தில் தூதரகப் பதவி வேண்டும் என்று நச்சரித்தான். பதவி கிட்டவில்லை. அவ்வாண்டு ஜூலை 2ஆம் நாள் வாஷிங்டன் புகைவண்டி நிலையத்தில் அவன் கார்பீல்டைத் துப்பாக்கியால் சுட்டான். செப்டம்பர் 19ஆம் நாள் தலைவர் உயிர் துறந்தார். நாடு திடுக்கிட்டு விழித்தது. 1883ஆம் ஆண்டு ஜனவரியில் பெண்டில்டன் சட்டம் நிறைவேறிற்று. பரிந்துரையும் கட்சிச் சார்பும் விலக, தேர்வு எழுதித் தகுதி பெற்றோர்க்கே பணி என்னும் முறை சில பதவிகளில் தொடங்கிப் பின்னர்ப் பெருகிற்று.

எந்த முறையும் என்றும் குற்றமின்றி நிற்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டதாரிகளுக்கு நடத்தப்பெற்ற பொதுத் தேர்வில் கறுப்பின மக்களும் இஸ்பானிய மரபினரும் மிகுதியாகத் தோல்வியுற்றனர். அத்தேர்வு வினைத்திறத்தை உண்மையில் அளக்கின்றதா என்ற வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. 1981ஆம் ஆண்டில் அத்தேர்வைக் கைவிட அரசு உடன்பட்டது. அதன்பின் காலப்போக்கில் பல பதவிகளுக்கு வேறொரு வழக்கம் வந்து சேர்ந்தது. விண்ணப்பிப்பவன் தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளுதல் என்பது அது. 'இச்செயலில் உமது திறம் யாது?' என்று வினாத்தாள் கேட்கும். 'அறியேன்' என்பது முதல் 'பிறர்க்குக் கற்பிக்க வல்லேன்' என்பது வரை கட்டங்கள் இருக்கும். உயர்ந்த கட்டத்தில் குறியிட்டவனுக்கு உயர்ந்த மதிப்பெண்.

மாணவர்களே! இதனால் விளைவது யாதென நீவிரே எண்ணிப் பாருங்கள். கற்றது கைம்மண்ணளவு என்று கருதும் அடக்கமுடையவன் நடுக்கட்டத்தில் குறியிட்டுப் பின்தங்குவான். நாணமற்றவன் எல்லா வினாவுக்கும் 'வல்லேன்' என்று குறித்து முன் நிற்பான். பணியாளர் பிரிவு அலுவலர், விளம்பரத்தில் உள்ள சொற்கள் விண்ணப்பத்திலும் உள்ளனவா என்று ஒத்துப் பார்ப்பார். அவர் மீதும் குற்றமில்லை. அவர் கணிப்பொறித் தொழில் பயின்றவர் அல்லர். ஆகவே விளம்பரத்தைச் சொல் மாறாமல் எடுத்துத் தன் விண்ணப்பத்தில் ஒட்டியவன் தேறினான். பத்தாண்டு நிரல் எழுதிப் பழகியும், தன் தொழிற்சொற்களால் ஒரு பக்கத்தில் சுருங்க எழுதியவன் வாயிலிலேயே நிறுத்தப்பட்டான்.

யான் தமிழாசிரியர் பணிக்கு விண்ணப்பித்த இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைவிற்கு வருகின்றது. நேர்காண வீற்றிருந்த மூவருள் ஒருவரேனும் தமிழ் முறையாகப் பயின்றவர் அல்லர். ஒருவர் என் சான்றிதழ்களை எண்ணினார். மற்றொருவர், 'யாப்பருங்கலக்காரிகையை எத்தனை மாதத்தில் படித்தீர்?' என்று வினவினார். ஒரு வெண்பாவைக் கொடுத்து 'அலகிடுக' என்று கேட்க அவரால் இயலவில்லை. மூன்றாமவர் என் கையெழுத்து அழகாக இருக்கின்றது என்றார். பணி எனக்கே கிடைத்தது. என்னினும் நன்கு கற்ற நண்பர் ஒருவர் அன்று என்னுடன் வந்திருந்தார். அவர் கையெழுத்துச் சற்றுக் கோணலானது. அவர் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அதனை நினைக்குந்தோறும் எனக்குக் கூச்சமே உண்டாகின்றது.

அமெரிக்க அரசுக்கு இக்குறை உறைக்கும் நாள் ஒன்று வந்தது. அந்நாட்டில் மருத்துவச் செலவு மிகப் பெரிது. காப்பீடு இல்லாத குடும்பம் ஒரே நோயினால் கடனில் ஆழ்ந்துவிடும். 2010ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தின்படி, மக்கள் தமக்கேற்ற காப்பீட்டை ஒப்பிட்டு வாங்குவதற்கென 'ஹெல்த்கேர்.கவ்' என்னும் இணையதளம் 2013 அக்டோபர் முதல் நாள் திறக்கப்பட்டது. 36 மாநிலங்களின் மக்கள் அதனையே நம்பியிருந்தனர். முதல் நாளில் இலக்கக்கணக்கானோர் நுழைய முயன்றனர். முற்றும் பதிவு செய்து காப்பீடு பெற்றோர் அறுவர் மட்டுமே! பல ஒப்பந்த நிறுவனங்கள் துண்டு துண்டாகச் செய்த வேலையை ஒன்றாகப் பொருத்திப் பார்க்கும் பொறுப்பு எவரிடமும் தெளிவாக இல்லை. முழுமையாகச் சோதிக்காமலே தளம் திறக்கப்பட்டிருந்தது.

அரசின் தலைமைத் தொழில்நுட்ப அலுவலராயிருந்த டாட் பார்க், தனியார் நிறுவனங்களில் பணிபுரிந்த சில வல்லுநரை அழைத்தார். அவருள் கூகுள் நிறுவனத்திலிருந்து வந்த மிக்கி டிக்கர்சன் என்பார் நாள்தோறும் கூட்டங்கள் நடத்தினார். அக்கூட்டங்களுக்கு அவர் வகுத்த விதிகளுள் ஒன்று நாம் மனங்கொள்ளத் தக்கது. உயர்ந்த பதவியில் உள்ளவர் பேசற்க, சிக்கலை நன்கறிந்தவரே பேசுக என்பது அதன் கருத்து. பிழையைக் கண்டவர் மறைக்கவில்லை, காரணம் வெளிப்பட்டது, ஒவ்வொன்றாகத் திருத்தம் பெற்றது. டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நேரத்தில் 50,000 பேர் தளத்தைப் பயன்படுத்த முடிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதத்திற்குள், மாநிலங்களின் தளங்களும் உட்பட, 80 இலட்சம் பேர் காப்பீட்டிற்குப் பதிவு செய்தனர். அதே சட்டம், அதே தளம். வேலை அறிந்தார் கையில் சேர்ந்ததே வேறுபாடு.

இத்தகையோரை அரசுக்குள் கொணர ஒரு பக்க வாயில் முன்னரே திறக்கப்பட்டிருந்தது. நம் மாநிலத்தில் 2022ஆம் ஆண்டில் முதலமைச்சரின் பெயரால் இளைஞர்க்கான திட்டம் ஒன்று தொடங்கியபோது, பெல்லோஷிப் என்பதற்குப் 'புத்தாய்வு' என்னும் சொல் ஆளப்பெற்றது. யானும் அச்சொல்லையே ஆள்கின்றேன். அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் புத்தாய்வாளர் திட்டம் 2012ஆம் ஆண்டில் தொடங்கிற்று. ஏறத்தாழ 700 பேர் விண்ணப்பிக்க, முதல் தொகுதியில் 18 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இது வாழ்நாள் வேலை அன்று. சில திங்களோ ஓராண்டோ அரசு அலுவலர் பக்கத்தில் அமர்ந்து ஒரு பணியை முடித்துத் தருவது. முன்னாள் படைவீரர் தம் மருத்துவக் குறிப்புகளைத் தாமே இறக்கிக்கொள்ளும் வழியை விரிவாக்குதல், சிறு நிறுவனங்கள் அரசு ஒப்பந்தம் பெறுவதை எளிதாக்குதல் முதலியன அவர்க்கு ஒப்படைக்கப்பெற்ற பணிகள்.

அப்புத்தாய்வாளருள் சிலர் 2014ஆம் ஆண்டில் '18எப்' என்னும் குழுவை அமைத்தனர். வாஷிங்டனில் 18ஆம் தெருவும் எப் தெருவும் கூடுமிடத்தில் அலுவலகம் இருந்தமையால் அப்பெயர் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் டிக்கர்சன் தலைமையில் 'அமெரிக்க டிஜிட்டல் சேவை' என்னும் அமைப்பும் தோன்றிற்று. பெரிய நிறுவனங்கள் தரும் ஊதியத்தை அரசு தர இயலாது. இருந்தும் ஆட்கள் வந்தனர். ஏன் வந்தனர் என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். போரிலிருந்து மீண்ட வீரர் மருத்துவ உதவி வேண்டி இணையத்தில் நிரப்பவேண்டிய படிவம், பலருடைய கணிப்பொறிகளில் திறக்கவே இல்லை. ஒரு வீரர் மீண்டும் மீண்டும் முயன்று சோர்வதைப் படம் பிடித்து இவ்வல்லுநர் உயர் அலுவலர்க்குக் காட்டினர். அறிக்கை நூறு பக்கம் எழுதியிருந்தாலும் அப்படம் செய்த வேலையைச் செய்திராது. 2016ஆம் ஆண்டில் எவரும் திறக்கத்தக்க புதிய படிவம் வந்தது.

ஆயினும் பக்க வாயிலில் எத்துணைப் பேர் நுழைய முடியும்? பெருவாயில் பழைய பூட்டோடுதான் இருந்தது. ஆதலால் 2019ஆம் ஆண்டில் டிஜிட்டல் சேவை அமைப்பினரும் அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தாரும் சேர்ந்து, சுகாதாரத் துறையிலும் தேசியப் பூங்காத் துறையிலும் ஒரு புது முறையைச் சோதித்தனர். அத்தொழிலையே செய்துவரும் அலுவலர் சிலரை முதலில் ஒன்றுகூட்டி, 'இப்பதவிக்கு வருபவன் முதல் நாளிலேயே எதனை அறிந்திருக்கவேண்டும்?' என்று கேட்டு எழுதினர். பின்னர் விண்ணப்பங்களை அவரே படித்தனர். தொலைபேசி வாயிலாக அவரே வினவினர். தற்புகழ்ச்சிக் கட்டங்கள் நீங்கின. இவ்வாறு தேறியவரிடையேதான் முன்னாள் படைவீரர்க்குச் சட்டம் அளிக்கும் முன்னுரிமை பார்க்கப்பட்டது. ஆக, சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மதிப்பிடும் ஆள் மாறினார், அவ்வளவே. அரசுப் பணிக்கு ஆள் தேர்வதில் திறமையைச் செய்ம்முறையாற் சோதிக்கவேண்டும் என்னும் கருத்து 2024 டிசம்பரில் சட்டமாகவும் ஆயிற்று.

பக்க வாயில்கள் எல்லாம் நிலைத்தன என்று எண்ணற்க. குடியரசுத் தலைவரின் ஆணையினால் தோன்றுவதை மற்றொரு தலைவரின் ஆணை மாற்றிவிடும். 2025 ஜனவரியில் டிஜிட்டல் சேவை அமைப்பு வேறு பெயரும் வேறு நோக்கமும் பெற்றது. அடுத்த மாதம் அதன் பணியாளர் 21 பேர் ஒருங்கே விலகினர். மார்ச்சுத் தொடக்கத்தில் 18எப் குழு கலைக்கப்பட்டது. புத்தாய்வாளர் திட்டம் ஒன்றை மட்டும் 2017 ஜனவரியிலேயே சட்டத்தில் எழுதிவைத்திருந்தனர்.

இனி, விண்ணப்பிப்பவன் பக்கம் சிறிது நோக்குவோம். தேர்பவர் தொழில் அறிந்தவராயின், விண்ணப்பம் எழுதும் முறையும் மாறவேண்டும். 'திறமை மிக்கவன்', 'அயரா உழைப்பாளி' என்னும் அடைமொழிகளால் அவர் எதனையும் அறியமாட்டார். எதைச் செய்தாய், யாருடன் செய்தாய், உன் பங்கு எது, அதனால் யாருக்கு என்ன பயன் என்பவற்றையே அவர் தேடுவார். நீளமும் வேண்டுவதில்லை. பல பக்கம் பெருகிக் கிடந்த தன்விவரக் குறிப்பை இரண்டு பக்கத்தில் அடக்கவேண்டும் என்று அமெரிக்க அரசே 2025ஆம் ஆண்டில் விதித்தது.

என் பழைய மாணவன் ஒருவன் புத்தாய்வாளர் பணி ஒன்றுக்கு எழுதிய விண்ணப்பத்தைப் பிழை திருத்துவதற்காக என்னிடம் கொணர்ந்தான். ஒற்றுப்பிழை இரண்டே இருந்தன. 'கணிப்பொறியில் நிகரற்ற திறமையும் தலைமைப் பண்பும் வாய்ந்தவன்' என்று தொடங்கியிருந்தான்.

"தம்பி, நீ செய்தது என்ன?" என்று கேட்டேன்.

"ஐயா, எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் பத்து நாளைக்கு ஒரு முறை கணக்குப் போடுவார்கள். 140 வீட்டுக் கணக்கு. இரண்டு நாள் ஆகும். அதற்கு ஒரு நிரல் எழுதினேன். இப்போது ஒரு மணி நேரத்தில் முடிகின்றது."

"அதனை ஏன் எழுதவில்லை?"

அவன் தயங்கினான். "அதில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது ஐயா. முதல் முறை தொகை குறைவாக வந்தது. ஒரு பாட்டி தம் நோட்டைக் கொண்டுவந்து சண்டையிட்டார். பாலின் கொழுப்பளவில் புள்ளிக்குப் பின் வரும் எண்ணை நான் விட்டிருந்தேன். அன்றிரவே திருத்தி, குறைந்த பணத்தை எல்லார்க்கும் கொடுக்கச் செய்தேன்."

"அந்தப் பாட்டியையும் சேர்த்து எழுது" என்றேன்.

அடைமொழிகளை எல்லாம் அடித்துவிட்டு, என் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து ஒரு பக்கத்தில் எழுதி முடித்தான். நேர்காணலுக்குச் சென்று திரும்பிய அன்று மாலை மீண்டும் வந்தான். கணிப்பொறி அறிந்த அம்மையார் ஒருவர் அங்கிருந்தார் என்றும், அரைமணி நேரமும் அவர் வினவியது அந்தப் புள்ளிக்குப் பின் வந்த எண்ணைப் பற்றியே என்றும் கூறினான்.